நிறையாத பேட்டரி

திருப்பூருக்கு இது எனக்கு ஏழாவது பயணம். ஊரை இன்னும் நான் பார்த்ததில்லை. விமானத்திலிருந்து இறங்கினால் கார், காரிலிருந்து இறங்கினால் கம்பெனி, கம்பெனிக்குள் வெள்ளை விளக்குகளுக்குக் கீழே ஒரு நீண்ட மேசை. மேசை மேல் குழந்தைகளின் இரவு உடுப்புகள். கொழும்பில் நான் வேலை செய்யும் காரியாலயம் ஐரோப்பியக் கடைகளுக்கு உடுப்பு வாங்கிக் கொடுக்கிறது. பெட்டிகள் கப்பலேறுவதற்கு முன் தையலையும் அளவையும் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஐம்பத்திரண்டு வயதாகிறது. போன மாதம் வியட்நாம், அதற்கு முன் டாக்கா. எங்கே போனாலும் அதே மேசைதான்.

இந்த முறை எனக்குப் புதிய கம்பெனி. கோயம்புத்தூர் விமான நிலையத்தில் அதன் டிரைவர் செல்வராசு என் பெயர் எழுதிய அட்டையோடு நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி.

"வாங்க மேடமுங்க. பயணமெல்லாம் சவுரியமுங்களா?"

"ஓம் அண்ணை, பரவாயில்லை."

'ஓம்' என்றதும் அவர் ஒரு கணம் நின்றார். பிறகு அது 'ஆமாம்' என்று தனக்குத்தானே விளங்கிக்கொண்டு, பெட்டியை வாங்கினார்.

கார் சத்தமே இல்லாமல் நகர்ந்தபோது எனக்கு அடையாளம் தெரிந்தது. பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற ஹைபிரிட் வண்டி. கொழும்பில் பத்து வருடம் நான் இதே வகைக் கார்தான் வைத்திருந்தேன். டிக்கியில் கிடந்த சாம்பிள் உடுப்புக் கட்டுகளை என் பக்கத்து இருக்கையில் வைக்கச் சொன்னேன், வழியிலேயே பார்த்து முடித்துவிடலாம் என்று. அவர் நான்கு கட்டுகளையும் இருக்கையின் ஓரத்தில் நெருக்கி அடுக்கினார்.

அவிநாசி வரும்வரை எனக்கு ஒரு விஷயம் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. வண்டி நிற்க வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் செல்வராசு நியூட்ரலில் போட்டார். போட்டுவிட்டு, முன்னால் திரையிலிருந்த பேட்டரிப் படத்தைப் பார்த்தார். அதில் எட்டுக் கட்டங்கள். நான்குதான் நிறைந்திருந்தன. பார்த்து, மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டார்.

நியூட்ரலில் நின்றால் இந்த வண்டியில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. எனக்கு அது தெரியும். சொல்லியிருக்கலாம். தலைவலி, விடியற்காலையில் எழும்பிய அசதி. அவரவர் வண்டி, அவரவர் பழக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை விடுதியில் சந்தகை என்று ஒன்று கொடுத்தார்கள். எங்கள் இடியப்பம்தான், ஆனால் தொட்டுக்கொள்ளச் சம்பல் இல்லை, சொதி இல்லை. தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றித் தந்தார்கள். காலையில் இனிப்புச் சாப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. இருந்தும் இரண்டாம் தரம் வாங்கினேன். அந்தப் பயணத்தில் நான் விரும்பிச் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

கம்பெனி வாசலில் கார் நின்றதும் முதலாளி குமரேசன் இறங்கி வந்தார். நாற்பது வயது, நல்ல மரியாதைக்காரர். எனக்கு வணக்கம் சொன்ன கையோடு காரின் சன்னலுக்குள் தலையை விட்டுத் திரையைப் பார்த்தார்.

"ஏனுங்ணா, இன்னைக்கும் நாலுதானுங்களா?"

"ஆமாங்க," என்றார் செல்வராசு.

"என்ர போனை ராத்திரி சார்ஜுல போட்டா காலைல ஃபுல்லா இருக்குதுங்ணா. இத்தனை வெல குடுத்து வாங்குன வண்டி பாதிக்கு மேல ஏறலைன்னா, ஓட்டறதுல ஏதோ கோளாறுன்னுதானுங்ணா அர்த்தம்?"

அவர் குரல் உயரவே இல்லை. சொல்லுக்குச் சொல் 'ங்க' போட்டு, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். செல்வராசு தலையை மட்டும் அசைத்தார்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு எழுந்தபோது வெளியே ஒரு எஞ்சின் இரையும் சத்தம் கேட்டது. சாளரத்தால் பார்த்தேன். வேப்பமரத்தடியில் கார் அசையாமல் நின்றது. உள்ளே செல்வராசு ஒரு காலால் பிரேக்கை அழுத்தி, மறுகாலால் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டிருந்தார். எஞ்சின் கத்திற்று. அவர் கண் திரையில் இருந்தது. ஐந்து, ஆறு, ஏழு என்று கட்டங்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படி வலிந்து சார்ஜ் ஏற்றலாம். ஏற்றினால் அத்தனையும் பெட்ரோல்.

இதையும் நான் சொல்லவில்லை. ஒரு பெட்டியில் பொத்தான்கள் தளர்வாக இருந்தன. எனக்கு அந்தப் பொத்தான்கள்தான் பெரிதாகத் தெரிந்தன.

சாயங்காலம் குமரேசன் தன் அறையில் தேநீர் கொடுத்தார். கதவு திறந்திருந்தது. வாசலில் என் பையோடு செல்வராசு காத்து நின்றார்.

"மைலேஜ் நல்லா குடுக்கும்னுதான் இந்த வண்டிய எடுத்தனுங்க மேடம்," என்றார் குமரேசன். "பழைய வண்டிய விட இது மோசமா இருக்குது. வண்டி குடிக்குதா, இல்ல பெட்ரோலு வேற எங்கியாச்சும் போகுதான்னு தெரியலீங்க."

கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது அவர் வாசலைப் பார்க்கவில்லை. பார்க்காததே பார்த்த மாதிரி இருந்தது. செல்வராசு என் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'மத்தியானம் நான் பார்த்தேன், பெட்ரோல் போனது இப்படித்தான்' என்று இரண்டு வரி போதும். நான் தேநீரைக் குடித்தேன். இஞ்சி கூடிப்போயிருந்தது.

மூன்றாம் நாள் மடத்துக்குளத்துக்குப் போக வேண்டியிருந்தது. திருப்பூரில் தையலுக்கு ஆள் போதாமல் கம்பெனிக்காரர்கள் கிராமங்களிலேயே கொட்டகை போட்டுத் தைக்க வைக்கிறார்கள். குமரேசனுக்கும் அங்கே ஒன்று இருந்தது. முந்தைய இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஊரை விட்டு வெளியே வந்து சாலை வெறிச்சென்று ஆனதும் செல்வராசே ஆரம்பித்தார்.

"ஏனுங்க மேடம், உங்கூர்ல இந்த மாதிரி வண்டி நெறைய ஓடுதுங்களாமா?"

"ஓம் அண்ணை, நிறைய. நானும் வைச்சிருந்தன்."

"உங்களுதுல ஃபுல்லா ஏறுமுங்களா?"

"இல்லை. அது நிறையாது. நிறையவும் கூடாது."

அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

என் கதையைச் சொன்னேன். எங்கள் ஊரில் பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம் இருந்தது. நான் காருக்குள்ளேயே தூங்கி எழும்பியிருக்கிறேன். அந்த நாட்களில் இந்தக் கட்டங்களை, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கட்டத்துக்கு இறங்கினால், வீட்டு ஒழுங்கைக்குள், அந்தக் குறுகிய சந்தில் நிறுத்தி, செல்வராசு செய்த அதே மாதிரி இரண்டு காலாலும் மிதித்து ஏற்றுவேன். கடைசியில் கொழும்பு தெமட்டகொடையில் ஒரு சிங்கள மெக்கானிக்கிடம் போனேன். அவர் என்னைக் கதைக்க விட்டுவிட்டு, முடிவில் சிங்களத்தில் சொன்னார்: "மிஸ், இது உங்கள் போன் இல்லை. இதை நிறைப்பது உங்கள் வேலையும் இல்லை. கூடினால் வண்டி தானே செலவழிக்கும். குறைந்தால் தானே எஞ்சினைப் போட்டு ஏற்றும். நீங்கள் சும்மா ஓட்டுங்கள்."

"எப்பவும் நடுவில வைச்சிருக்கும் அண்ணை," என்றேன். "பிரேக் பிடிக்கேக்க சக்கரத்தில இருந்து கரண்ட் திரும்பி வருது. அதை வாங்கிக்கொள்ள பேட்டரியில இடம் வேணும். அதுக்காகத்தான் நிறைக்காமல் வைச்சிருக்கிறது. நிமிசத்துக்கு நிமிசம் கட்டம் மேலயும் கீழயும் பாய்ஞ்சால்தான் பயப்பட வேணும். நாலு, அஞ்சு எண்டு நிண்டால் நல்ல சுகமா இருக்கெண்டு அர்த்தம்."

செல்வராசு வேகத்தை மறுபடி கூட்டினார்.

"எங்களுக்குக் கணியூர்ல ஒரு ஏக்கரா இருக்குதுங்க," என்றார் பிறகு. "வாய்க்கால்ல தண்ணி உடறன்னைக்குத் தொட்டி ரொம்பியிருந்தா, வர்ற தண்ணி பூராம் வழிஞ்சு ரோட்டுக்குப் போயிரும். அப்பிடித்தானுங்க?"

"அதேதான்."

"ஒன்றரை மாசமா பாடாப் படறனுங்க. யாரோ போன்ல வீடியோ காட்டுனாங்க, ரெண்டு கால்லயும் மிதிச்சா ஏறும்னு. அவரு காலைல வந்து எட்டிப் பாக்கறப்ப ஏழாவது இருக்கட்டும்னு டெய்லி மிதிச்சனுங்க. கொஞ்சம் ஓட்டுனா மறுபடி நாலுக்கே வந்துருதுங்க."

"நேற்று நான் பார்த்தன். அவருக்குச் சொல்லியிருக்க வேணும். சொல்லாமல் இருந்திட்டன்."

"நீங்க ஊருக்கு வந்தவங்க," என்றார். என்னைக் குற்றம் சொல்லவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை.

தையல் கொட்டகையில் வேலை சீக்கிரம் முடிந்தது. அங்கே ஒரு அம்மா வாழையிலை போட்டு அரிசிம்பருப்பு சாதம் தந்தார். அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாக வேகவைத்து நெய் விட்ட சோறு. பசியில் அமிர்தமாக இருந்திருக்க வேண்டியது. எனக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. பாதியை மிச்சம் வைத்ததற்கு அவர் முகம் வாடியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அங்கிருந்து இன்னும் இரண்டு கட்டு உடுப்புகளை ஏற்றினோம். அவையும் என் பக்கத்து இருக்கைக்கே வந்தன.

திரும்பி வரும் வழியில், உடுமலையைத் தாண்டியதும், திரையில் மஞ்சள் எச்சரிக்கை ஒன்று எரிந்தது. வண்டிக்கு மூச்சு வாங்கியது. மிதித்தாலும் வேகம் எடுக்கவில்லை. செல்வராசின் கழுத்து வியர்த்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். சாலையோரப் புளியமரத்தடியில் ஒரு தேநீர்க்கடை முன்னால் நிறுத்தினார்.

பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறியைச் சோதிக்கச் சொல்லித் திரையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்த விசிறி காற்றை உறிஞ்சும் சல்லடை பின் இருக்கையின் ஓரத்தில்தான் இருக்கும். அந்தச் சல்லடை மேல்தான் நான் மூன்று நாளாக உடுப்புக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தேன்.

கட்டுகளை இறக்கினோம். சல்லடையில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். விரலால் இழுத்தேன். கம்பளம் மாதிரி உரிந்து வந்தது. எல்லாம் பஞ்சுத் தூசி. தினமும் துணி ஏற்றுகிற வண்டி, துணியிலிருந்து உதிர்வதையெல்லாம் பேட்டரி மூச்சு விடும் ஓட்டை வழியாக உள்ளே இழுத்திருக்கிறது. ஏற்கெனவே பாதி அடைத்திருந்த வாயை என் கட்டுகள் முழுக்க மூடிவிட்டன.

உடுப்பில் தூசி எடுக்க என் கைப்பையில் எப்போதும் இருக்கும் ஒட்டுத்தாள் உருளையால் துடைத்துக்கொண்டிருந்தபோது செல்வராசின் போன் அடித்தது. குமரேசன். கையெல்லாம் தூசி என்பதால் அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்ணா, வண்டி அரை மணி நேரமா ஒரே எடத்துல நிக்குதுங்களே?" கார் இருக்கும் இடம் அவர் போனில் தெரியும் போலும்.

"வண்டி கொஞ்சம் சூடாயிருச்சுங்க. தூசி அடைச்சுக்கிட்டுது. மேடம் பாத்துட்டு இருக்கறாங்க."

"சூடாயிருச்சா, இல்ல டேங்க்ல இருந்து எறக்கறீங்களா?"

தேநீர்க்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் பார்த்தார்கள். செல்வராசு கைத் தூசியை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"வண்டியக் கொண்டாந்து உட்டறனுங்க," என்றார். "நாளைக்கு வேற ஆளப் பாத்துக்குங்க."

நான் போனுக்குக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"குடுங்கோ அண்ணை, நான் சொல்லுறன்."

"வேண்டாமுங்க. வெளியூர்க்காரங்க நீங்க சொல்லித்தான் நான் திருடன் இல்லைன்னு ஆவோணும்னா, பத்து வருசமா அவருகிட்ட நான் இருந்ததுக்கு என்னங்க மரியாதை?"

தூசியைத் துடைத்து முடித்தோம். கட்டுகளை டிக்கிக்கு மாற்றினோம். அரை மணி நேரம் ஆறவிட்டுக் கிளம்பியபோது வண்டி ஒன்றும் நடக்காதது மாதிரி ஓடியது. நிற்கும் இடங்களில் அவர் நியூட்ரலில் போடவில்லை. திரையில் ஐந்து கட்டம் இருந்தது. அவர் பார்க்கவில்லை.

நான்காம் நாள் என்னைக் கூட்டிப்போக யாரும் வரவில்லை. காத்து நிற்கப் பொறுமையில்லாமல் டவுன் பஸ்ஸில் ஏறினேன். நிற்க இடமில்லை. இரண்டு வடநாட்டுப் பெண்கள் கம்பியைப் பிடித்தபடி இந்தியில் பேசிப் பேசிச் சிரித்தார்கள். எனக்கு இந்தி தெரியாது. நான் பார்ப்பதைக் கவனித்த திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, அவர்களோடு வேலை செய்கிறவள், எனக்குச் சொன்னாள்: "அந்தப் பிள்ள அவ அம்மையப் பத்திச் சொல்லுது. போன் போட்டா சாப்பிட்டியான்னு மட்டும் கேக்காளாம், என்ன சாப்பிட்டேன்னு கேக்கவே மாட்டேங்காளாம். கேட்டா அழுதிருவோம்னு அவளுக்குத் தெரியுமாம்." சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப்போய் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தேன்.

கம்பெனி வாசலில் என்னைப் பார்த்ததும் குமரேசன் பதறினார். "செல்வராசண்ணா இன்னைக்கு வரலீங்க மேடம். மன்னிச்சுக்குங்க. சாவியக் கணக்கரு மேசைல வெச்சுட்டுப் போயிட்டாருங்க."

"சாவியை எடுங்கோ," என்றேன். "அரை மணித்தியாலம் எனக்குத் தாங்கோ. பிறகு நான் மேசைக்குப் போறன்."

என் கையெழுத்துக்காகப் பெட்டிகள் காத்திருந்தன. அதனால்தான் அவர் மறுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த அதிகாரத்தை அப்படிப் பயன்படுத்தியதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

அவரை ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேம்பாலத்தில் ஏறி இறங்கினோம். இறங்கும்போது பிரேக்கை மெல்லப் பிடிக்கச் சொன்னேன். திரையில் அம்புக்குறி சக்கரத்திலிருந்து பேட்டரிக்குத் திரும்பியது. "இதுதான் சார்ஜ் ஏறுறது. இதுக்குத்தான் இடம் விட்டு வைச்சிருக்கு," என்றேன். கம்பெனிக்குத் திரும்பியதும் வேப்பமரத்தடியில் நிறுத்தச் சொல்லி, இரண்டு காலாலும் மிதிக்கச் சொன்னேன். எஞ்சின் கத்த, கட்டங்கள் ஏறின. ஆறு. ஏழு.

"ஒன்றரை மாசமாக ஒவ்வொரு நாளும் உங்கட டிரைவர் இதைத்தான் செய்தவர். நீங்கள் காலையில வந்து பார்க்கேக்க ஏழு இருக்க வேணுமெண்டு. உங்கட பெட்ரோல் போனது இந்த வழியாலதான்."

குமரேசன் காலை எடுத்தார். எஞ்சின் அடங்கியது. சுற்றிலும் தையல் எந்திரங்களின் சத்தம் மட்டும் கேட்டது. அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப பெட்ரோலக் குடிச்சது நாந்தானுங்களா," என்றார்.

நான் இறங்கி மேசைக்குப் போனேன். பொத்தான்களை மாற்றித் தைக்கச் சொல்லி எழுதினேன். மற்றதெல்லாம் சரியாக இருந்தது. மாலையில் குமரேசன் அனுப்பிய மேலாளர் ஸ்கூட்டரில் செல்வராசின் கணியூர் வீட்டுக்குப் போனதாகவும், செல்வராசு தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டதாகவும் தெரிந்தது. ஊரில் ஒரு மில்லுக்கு ஆள் ஏற்றும் வேனுக்கு டிரைவர் கேட்டிருக்கிறார்களாம்.

ஐந்தாம் நாள் என்னை விமான நிலையத்துக்குக் குமரேசனே கூட்டிப்போனார். என் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆள் அனுப்பிச்சனுங்க மேடம். வரலைன்னுட்டாரு. இனி நான் என்னங்க பண்ணட்டும்?"

"ஆளைத்தானே அனுப்பினீங்கள்," என்றேன்.

அவர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். நான் உள்ளே போய்விட்டேன்.

விமானம் தாமதம் என்றார்கள். ஒரு மணித்தியாலம், பிறகு இன்னொன்று. ருசியில்லாத ஒரு வடையைத் தின்றுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தபோது போன் அடித்தது.

"மேடமுங்க, செல்வராசு பேசறனுங்க. ஏறிட்டீங்களா?"

"இல்லை அண்ணை. இன்னும் இல்லை."

"மொதலாளி வந்திருக்கறாருங்க." குரலைத் தாழ்த்தினார். "எங்கூட்டு வாசல்ல நிக்கறாரு. உள்ள வாங்கன்னு கூப்புட்டனுங்க, வரலீங்க. ஒண்ணு சொல்லோணும்ங்கறாரு. ஆனா சொல்ல மாட்டேங்கறாருங்க. பத்து நிமிசமா தொண்டையக் கனைச்சுக்கிட்டே நிக்கறாரு. பக்கத்துல எல்லாரும் வேடிக்கை பாக்கறாங்க. நான் என்னங்க பண்றது?"

"ஒண்டும் செய்யாதேங்கோ. அவர் சொல்லும்வரைக்கும் நில்லுங்கோ."

"செரீங்க," என்றார். போனை அணைக்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். துணி உரசும் சத்தம் கேட்டது. ஒரு கோழி. தூரத்தில் தண்ணீர் மோட்டார். எங்கள் விமானத்துக்கு வரிசையில் நிற்கும்படி ஒலிபெருக்கி சொல்ல, சனம் எழும்பியது. நான் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு மறு காதில் போனை அழுத்தினேன்.

"அண்ணா," என்று குமரேசனின் குரல் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "நீங்க எடுக்கலீங்ணா. எனக்குத் தெரியலை. தெரியாமலே, கேக்காமலே சொல்லிப்போட்டேன். நாலு பேரு முன்னாடி சொன்னேன், அதனால நாலு பேரு முன்னாடியே சொல்லிட்டுப் போறேன்."

வரிசை என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"வேலையப் பத்தி நாளைக்குப் பேசிக்கலாமுங்க," என்றார் செல்வராசு. "வெயில்ல நிக்காதீங்க. மொதல்ல உள்ள வாங்க, காப்பி வெக்கச் சொல்றேன்."

செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. நான் போனை அணைத்துவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.